பரணில் தூங்கிய செருப்பு

குண்டனி நாடு, கொல்லிமலை
பங்குனி, செவ்வாய்க்கிழமை பிற்பகல்

மதிப்பிற்குரிய பானுமதி அவர்களுக்கு,

இராசிபுரம் செல்லமுத்து வணக்கத்துடன் எழுதுகிறேன். போபாலில் வெயில் ஏறியிருக்கும். முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பதை நிறுத்தியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். கோகிலாவுக்கும் பேரனுக்கும் என் அன்பு. நான் நலம். மலையேறியும் நலமாக இருக்கிறேன் என்பது எனக்கே வியப்பாக இருக்கிறது.

கல்லூரி நூலகத்தில் காலமெல்லாம் அட்டவணை எழுதியவன் நான். வரிசை போட்டுக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. எனவே இக்கடிதத்தில் வரப்போவது:

1. நான் இங்கே வந்து சேர்ந்த விதம்.
2. உங்கள் நூலில் இருப்பதும் இன்று கண்ணில் படுவதும்.
3. மூன்றாம் அத்தியாயத்துச் செருப்பு.
4. அந்த அத்தியாயம் மறுபதிப்பில் இருக்கக் கூடாது என்ற என் கருத்து.
5. உங்களிடம் ஒரு வேண்டுகோள்.

நான்காவதை எழுதும்போது பேனாவை இரண்டு முறை மூடி வைத்தேன். ஆனால் உங்கள் கட்டளை தெளிவாக இருந்தது. அந்த இளம் விமர்சகர் பத்திரிகையில் எழுதியதை வெட்டி அனுப்பி, ‘அவர் சொல்வது சரியா என்று நேரில் போய்ப் பார்த்து எழுதுங்கள், மழுப்ப வேண்டாம். அந்த அத்தியாயம் பொய்யென்றால் புத்தகமே மறுபடி வர வேண்டாம், மாதக் கடைசிக்குள் பதிப்பகத்துக்குச் சொல்லிவிடுகிறேன்’ என்று எழுதியிருந்தீர்கள். இந்த வேலைக்கு நான் தகுதியானவனா என்று தெரியவில்லை. வேறு யாரும் உங்களுக்கு அகப்படவில்லை என்று எண்ணிக்கொண்டு கிளம்பினேன்.

முதலாவது. சனிக்கிழமையே புறப்பட்டிருக்க வேண்டும். பையைக் கட்டுவதும் வானத்தைப் பார்ப்பதும் பையைப் பிரிப்பதுமாக நாள் போயிற்று. எழுபது கொண்டை ஊசி வளைவு என்று யாராவது சொன்னாலே எனக்கு இராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் தலை சுற்ற ஆரம்பித்துவிடும். அதனால் முள்ளுக்குறிச்சி வழியாக வந்தேன். நீங்களும் அந்தப் பக்கமாகத்தான் ஏறினீர்கள், ஆனால் நடந்து. நான் செல்வம் என்பவருடைய பிக்கப் வண்டியில், பின்னால் சிமெண்ட் மூட்டைகள் ஆட, முன்னால் உட்கார்ந்து ஏறினேன். பங்குனியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நீங்கள் வந்தது பங்குனி. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் மாதம் ஒன்றாக இருக்க வேண்டும்.

வழியெல்லாம் ‘குண்டனி நாட்டில் சில நாட்கள்’ என் மடியில் விரிந்தபடி இருந்தது. பக்கத்தையும் பாதையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தேன். செல்வம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, ரோட்டுல இல்லாதது அதுல என்னங்க இருக்குது?” என்று கேட்டார். அதே கேள்வியைத்தான் நூலகத்தில் நானும் ஆண்டுக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் நூலை முதலில் புவியியல் அலமாரியில் வைத்தேன். ஊர், பாதை, பயிர் எல்லாம் இருக்கிறதே என்று. அங்கே யாரும் எடுக்கவில்லை. பிறகு இலக்கியத்துக்கு மாற்றினேன். அங்கே எடுத்தார்கள், அழுதார்கள், பென்சிலால் கோடு போட்டார்கள். ஆனால் ஒரு பேராசிரியர், நடந்ததை எழுதினால் அது எப்படி இலக்கியம் என்று கேட்டதும் பயந்துபோய் மறுபடி புவியியலுக்கே கொண்டுபோனேன். புவியியலில் தவறு இருந்தால் அது பிழை. கதையில் தவறு இருந்தால் அது கற்பனை. உங்கள் நூல் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை நான் ஓய்வுபெறும் வரை முடிவு செய்யவில்லை.

இனி இரண்டாவது. நீங்கள் பயந்து பயந்து கடந்த மூங்கில் பாலம் இல்லை. அங்கே இப்போது சிமெண்ட் குழாய் போட்டு மேலே தார் ரோடு போகிறது. அதன் மேல் நின்று இளைஞர்கள் போனில் தங்களையே படம் பிடித்துக்கொள்கிறார்கள். சரிவுகளில் பாதிக்கு மேல் மரவள்ளி. கிழங்கு ஏற்றிய லாரிக்கு நாங்கள் பலமுறை ஒதுங்க வேண்டியிருந்தது. மிளகுக்கொடி நீங்கள் எழுதியது போலவே சில்வர் ஓக் மரத்தைக் கட்டிக்கொண்டுதான் ஏறுகிறது. வாசல்தோறும் பாயில் மிளகு காய்கிறது. காப்பிச் செடி பூத்திருக்கிறது. அந்த மணத்தை நீங்கள் மல்லிகை என்று எழுதியிருக்கிறீர்கள். மல்லிகையைவிடச் சற்று ஈரமான மணமாக எனக்குத் தோன்றியது. என் மூக்கை நம்ப வேண்டாம்.

நீங்கள் சாய்ந்து உட்கார்ந்து குறிப்பு எழுதிய பலா மரம் இருக்கிறது. இந்த ஊரில் போனுக்கு டவர் கிடைக்கும் ஒரே இடம் அதன் அடிதான். எந்நேரமும் யாராவது ஒருவர் மரத்தைத் தழுவியபடி சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்.

ஒரு சிறு ஐயம். ‘கண்ணுக்கெட்டிய தூரம் சாமைக் கதிர் தலையசைத்தது’ என்று இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. பங்குனியில் சாமை காட்டில் நிற்பதில்லை. அறுவடை முடிந்து எப்போதோ வீட்டுக்குப் போயிருக்கும். நீங்கள் பார்த்தது ஏதாவது புல்லாக இருக்கலாம். அல்லது, பிறகு உட்கார்ந்து எழுதியபோது நினைவு ஒரு பருவத்தோடு இன்னொன்றைச் சேர்த்துத் தைத்திருக்கலாம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இதைக் கண்டதிலிருந்து எனக்கு மூன்றாம் அத்தியாயத்தை நினைத்துக் கொஞ்சம் கலக்கமாயிற்று.

அதுதான் மூன்றாவது. நீங்கள் எழுதியதை உங்களுக்கே சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். ஆனாலும் ஒப்பிடுவதற்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். குதிகாலில் வெட்டுக்காயத்தோடு ஒரு மாலையில் வெள்ளையன், குப்பாயி தம்பதியின் வீட்டுக்கு வருகிறீர்கள். மறுநாள் கிளம்பலாம் என்றால் செருப்பைக் காணவில்லை. குப்பாயி அதைப் பரணில் சாமைக் கூடைக்குப் பின்னால் செருகிவைத்திருக்கிறார். கேட்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டு, “செருப்பு தூங்குது கண்ணு, முழிச்சதும் தாரேன்” என்கிறார். மூன்றாம் நாள், ஊர்த் திருவிழாவான நோம்பி முடிந்ததும், செருப்பு முழித்துக்கொள்கிறது. ‘அன்பும் சிறைவைக்கும் என்று அன்று அறிந்தேன்’ என்று அத்தியாயத்தை முடிக்கிறீர்கள். மலைக்காரர்களை நல்லவர்களாக வரைந்து, அவர்களால் நேசிக்கப்பட்டதாகத் தன்னைத்தானே கொஞ்சிக்கொள்ளும் எழுத்து என்று அந்த விமர்சகர் கேலி செய்ததும் இதைத்தான்.

வீடு இருக்கிறது. இப்போது சிமெண்ட் ஓடு. குப்பாயி அம்மாள் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்வதற்கு மன்னியுங்கள். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வெள்ளையன் இருக்கிறார். ஆனால் நான் வந்தபோது பக்கத்து ஊருக்கு மேளக்காரர்களைக் கூப்பிடப் போயிருந்தார். வீட்டில் இருந்தது அவர் மருமகள் விஜயா. ஐம்பதை ஒட்டிய வயது. சோளக்காட்டுச் சந்தையில் மிளகு வியாபாரிகளிடம் பேரம் பேசுகிறவர் என்று செல்வம் முன்பே எச்சரித்திருந்தார். நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னதும் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து, “எங்க அத்தையப் பத்திப் புஸ்தகமா? படிங்க, கேக்கறேன்” என்று மிளகுப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

நான் மூன்றாம் அத்தியாயத்தை முழுதும் படித்தேன். அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். “அன்பா? எங்க அத்தைக்கா? அவங்க வாயத் தொறந்தா எதுத்த ஊட்டுல கதவச் சாத்துவாங்க” என்றார். பிறகு அவர் சொன்னதன் சாரம் இது. நோம்பிக்குக் காப்புக் கட்டிவிட்டால், சாமி இறங்கி நோம்பி முடியும்வரை இந்த ஊரில் உள்ளவர்கள் வேறு ஊரில் போய் இராத்தங்கக் கூடாது. ஊருக்குள் காலில் செருப்பும் போடக் கூடாது. நீங்கள் கிளம்ப நினைத்தது சரியாகக் காப்பு நாளில். செருப்பைப் பரணில் போட்டது அதனால்தான். “அத்தையே சொல்லுவாங்க. ஒரு டவுன் பொண்ணு வந்துச்சு, காப்பு நேரம், செருப்பத் தூக்கி மேல போட்டுட்டேன், அம்புட்டுத்தான்னு. வேற என்னத்துக்குங்க ஒளிக்கறாங்க?” என்றார்.

ஆகவே, நான்காவது. இது அன்பல்ல, ஊர்க்கட்டு. குப்பாயி அம்மாள் யாரையும் சிறைவைக்கவில்லை. ஊருக்கு உள்ள கட்டு உங்களுக்கும் வந்து சேர்ந்தது. உங்கள் மேல் தவறில்லை. ஒருவரும் உங்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை. ஆயினும் இடத்தைப் பற்றிய ஒரு நூல் அந்த இடத்தின் வழக்கத்தைத் தவறாகப் படித்துவிட்டு, அந்தத் தவறின் மேல் கண்ணீரைக் கட்டியெழுப்பினால், அந்த விமர்சகரை நாம் குறை சொல்ல முடியாது. எனவே மூன்றாம் அத்தியாயம் மறுபதிப்பில் இருக்கக் கூடாது என்பது என் கருத்து.

எழுதிவிட்டேன்.

ஐந்தாவதாகச் சொல்ல வந்தது, அந்த ஒன்றை நீக்கிவிட்டு மற்றவற்றையாவது வரவிடுங்கள் என்பதுதான். அதை நாளைக் காலையில் ஒழுங்காக எழுதுகிறேன். விஜயா சாப்பிடக் கூப்பிடுகிறார். இன்னொரு கவலையும் இருக்கிறது. நாளை மாலைதான் இங்கே காப்புக் கட்டுகிறார்களாம். மாதத்தை ஒப்பிட வேண்டும் என்று வந்தவன் நாளையும் சேர்த்து ஒப்பிடும்படி ஆகிவிட்டது. அதற்குள் இறங்காவிட்டால் நானும் மாட்டிக்கொள்வேன். இரத்த அழுத்த மாத்திரை அளவாகத்தான் கொண்டுவந்திருக்கிறேன். பையை இப்போதே கட்டி வாசலில் வைத்துவிட்டேன்.

புதன்கிழமை காலை

இந்தப் பக்கத்தை வேறு மனநிலையில் எழுதுகிறேன். வரிசை கலைந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

விடிந்ததும் ஊர் முழுவதும் கோயில் முன்னால் கூடியது. மாலையில் பொதுப்பொங்கலுக்காக வீட்டுக்கு வீடு சாமை அளந்து கொட்டுவது வழக்கம். அந்த வீட்டில் எத்தனை தலையோ அத்தனை படி. பெரியவர் ஒருவர் வீட்டுப் பெயரையும் ஆள் பெயரையும் ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிறார். எதையும் பார்த்துப் படிக்கவில்லை; எல்லாம் அவர் நாக்கில் இருக்கிறது. கூப்பிடக் கூப்பிட ஆளுக்கு ஒரு படி விழுகிறது. வெளியூரில் வேலைக்குப் போன பிள்ளைக்கும் விழுகிறது. திருப்பூரில் இருக்கும் ஒருவன் பெயர் வந்தபோது, அவன் வீட்டுக்கு அனுப்பாவிட்டாலும் சாமிக்கு ஒழுங்காகக் கட்டுகிறான் என்று யாரோ சொல்ல, அவன் அம்மாவே சிரித்தார். நான் ஓரமாக நின்றிருந்தேன்.

வெள்ளையன் வீட்டு முறை வந்தது. நேற்றிரவே, நான் தூங்கியபின், திரும்பிவிட்டிருக்கிறார். மெலிந்த, உயரமான ஆள்; கடுகடுத்த முகம். விஜயா கூடையோடு நிற்க, அவர் படியில் அளந்தார். அவருக்கு, மகனுக்கு, விஜயாவுக்கு, பேரப்பிள்ளைகளுக்கு என்று வரிசையாக விழுந்தது. பிறகு பெரியவர், “கீழ்நாட்டுப் பொண்ணுக்கு” என்று கூப்பிட்டார்.

வெள்ளையன் சாமையைப் படியில் அள்ளினார். கொட்டவில்லை. படியைக் கையில் வைத்தபடி கூட்டத்தில் தேடி, என்னைப் பார்த்து நின்றார். நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று விஜயா சொல்லியிருக்க வேண்டும்.

“ஏனுங்க. அந்தப் பானுமதிப் பிள்ள உசுரோட இருக்குதுங்களா?” என்று கேட்டார்.

இவ்வளவு பேருக்கு முன்னால் நான் ஒருபோதும் பேசியதில்லை. இருக்கிறார்கள், போபாலில் மகள் வீட்டில் இருக்கிறார்கள், முழங்கால்தான் வலி என்று சொன்னேன். முழங்காலை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

“அப்பச் சரி” என்று படியைக் கவிழ்த்தார். அடுத்த வீட்டைக் கூப்பிட்டார்கள்.

விஜயா கூடையோடு நின்றார். பிறகு என்னிடம் வந்து, வாக்கப்பட்டு வந்த நாளாக வருடந்தோறும் இந்தப் படியைப் பார்த்ததாகவும், மாமாவின் தங்கை யாரையோ கீழே கட்டிக்கொடுத்து உறவு அறுந்துபோயிருக்கும், கேட்டால் பெரியவர்கள் மனம் நோகும் என்று கேட்காமலே இருந்துவிட்டதாகவும் மெல்லச் சொன்னார். நேற்று சிரித்தவர் இன்று சிரிக்கவில்லை.

எல்லாம் முடிந்தபின் வெள்ளையனிடம் போனேன். விஜயா எனக்குச் சொன்ன காப்புக் காரணத்தைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. காப்பு ஊர்க்காரனைத்தான் கட்டும், வெளியாள் அன்றைக்கும் வரலாம் போகலாம், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்றார். அன்று நடந்ததை அவர் சொன்னபடி எழுதுகிறேன்.

காப்பு நாள் காலையில், இதே இடத்தில், ஊர்ப் பெரியவர்கள் அவரிடம் சொன்னார்களாம். தனியாக வந்த பெண், காலில் காயம், வீட்டில் தேடுவார்கள். காப்புக்குப் பிறகு நம்மில் யாரும் துணைக்குப் போய்க் கீழே இராத்தங்க முடியாது. அதனால் இப்போதே முள்ளுக்குறிச்சியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வா என்று. இவரும் சரியென்று வீட்டுக்கு வந்தால், உங்கள் செருப்பு இல்லை. அந்தக் காலோடு வெறுங்காலில் எப்படி இறக்குவது? இவர் வீடெல்லாம் தேடிக்கொண்டிருக்கையில் குப்பாயி அம்மாள் கோயிலுக்குப் போய், “எங்க ஊட்டுல ஒரு ஆள் கூட” என்று சொல்லி ஒரு படியைக் கொட்டிவிட்டார். அதன்பின் ஊர் பேச முடியாதாம். படி விழுந்துவிட்டால் அந்த ஆள் அந்த வீட்டு ஆள். காப்பு அவரையும் கட்டும்.

“கொட்டறது சுளுவுங்க. நிறுத்த முடியாது. ஆளு செத்தாத்தான் நிறுத்தலாம். அதச் சொல்லி எங்கண்ணன் என்னய வருசா வருசம் பேசுவான். குப்பாயிகிட்டக் கேட்டா, காப்பு நேரம் போட்டுட்டேன், போன்னுடுவா” என்றார். குப்பாயி அம்மாள் ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டேன். “நீங்க படிச்சவரு. நானும் அவ சாவற மட்டும் கேட்டேன். சொல்லலீங்க” என்றார்.

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

சாமைக் கதிர் பருவம் தவறியதுதான். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். செருப்பைப் பற்றி நீங்கள் அறியாமல் எழுதினீர்கள். ஆனால் சரியாக எழுதியிருக்கிறீர்கள். அறியாமல் எழுதியது எப்படிச் சரியாக வந்தது என்பதைத்தான் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். செல்வத்தின் கேள்விக்கு இதில் எங்கேயோ பதில் இருக்கிறது என்று தோன்றுகிறது. கண்டுபிடித்தால் எழுதுவேன். கண்டுபிடிப்பேன் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

செல்வம் இப்போது கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்குகிறார். இராசிபுரத்தில் கூரியரில் போடுகிறேன் என்றார். பலா மரத்தடியில் நின்று பக்கங்களைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் கோகிலாவுக்கு அனுப்பிவிடலாமே என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். முதல் பக்கம் போய்ச் சேர்ந்து, டவர் போய், கடைசிப் பக்கம் தங்கிவிட்டால்? நீங்கள் நான்காவதைப் படித்த கையோடு பதிப்பகத்துக்குப் போன் செய்துவிடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

நான் அவரோடு இறங்கவில்லை. இரண்டு நாள் இருந்து நோம்பி பார்த்துவிட்டு வருகிறேன். மாத்திரை போதும், எண்ணிப் பார்த்துவிட்டேன். என்னைக் காப்புக் கட்டுமா என்று வெள்ளையனிடம் பயந்துகொண்டே கேட்டபோது, “உங்கள ஒன்னும் பண்ணாதுங்க சாமி. நீங்க எப்ப வேணும்னாலும் போலாம்” என்றார். நன்றாகத்தான் கவனிக்கிறார்கள். கம்பளி கொடுத்தார்கள், வெந்நீர் வைத்தார்கள், மிளகு ரசம் கேட்டுக் கேட்டு ஊற்றினார்கள். ஆனால் காலையில் சாமை அளந்தபோது என் பெயரை யாரும் கூப்பிடவில்லை.

என் வேண்டுகோள் இப்போது மாறிவிட்டது. அத்தியாயம் இருக்கட்டும். அந்தக் கடைசி வரியில் ஓர் எழுத்தையும் தொடாதீர்கள். முழங்கால் எப்படியிருந்தாலும், அடுத்த பங்குனிக்குக் கோகிலாவை அழைத்துக்கொண்டு வாருங்கள். ரோடு வீட்டு வாசல் வரை வருகிறது. உங்கள் படியை நீங்களே ஒருமுறை உங்கள் கையால் கொட்ட வேண்டும். குப்பாயி அம்மாள் இல்லாத வீடு என்று தயங்க வேண்டாம். அங்கே உங்களை இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். எழுபது வளைவானாலும் சரி, துணைக்கு நான் வருகிறேன்.

நீங்கள் நீண்ட நாள் நலமாக இருக்க வேண்டும். இந்த ஊரின் சாமைப் படியும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருக்கிறது.

என்றும் மரியாதையுடன்,
செல்லமுத்து

பி.கு. செல்வம் ஹாரன் அடிக்கிறார். முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுத நேரமில்லை. அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தபோது வாசலைப் பார்த்தேன். நேற்று நான் கழற்றிவிட்ட செருப்பு, விட்ட இடத்திலேயே, வெளியே பார்த்தபடி கிடக்கிறது. இன்று காப்பு நாள்; ஆனாலும் யாரும் அதை ஒளிக்கவில்லை. நானும் எதையும் அடித்து மறைக்காமல் அப்படியே அனுப்புகிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நான்காவதாக எழுதியது தவறு.